துறைமுகத்திலிருந்து கசூரினாவுக்கு

உந்தச் சீற்றிலை ஆரும் இருக்கினமே தம்பி? இல்லையோ? அப்ப கொஞ்சம் அரக்கி இருங்கோ. ஓம், காணும் காணும். இந்தப் பையை மடியிலை வைச்சிருக்கிறன், அது நசியக்கூடாது.

மணியைப் பாருங்கோ. ஒன்பது பதினேழு. காரைநகர் பஸ் வெளிக்கிட வேண்டியது ஒன்பது பத்துக்கு. டிரைவர் எங்கை? அந்தா, கடை வாசலிலை நிண்டு வடை தின்னுறான். கொண்டக்டர் அவனுக்குத் தண்ணிப் போத்தில் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். சீ! பாக்கவே அரியண்டமாய் இருக்கு. நான் முப்பத்தொரு வருசம் டிப்போவிலை ரைம் கீப்பராய் இருந்தனான். என்ரை காலத்திலை ஒரு பஸ் ரெண்டு நிமிசம் பிந்தி வெளிக்கிட்டால், அண்டைக்குப் பின்னேரம் அந்த டிரைவர் என்ரை மேசைக்கு முன்னாலை நிண்டு விளக்கம் சொல்லவேணும். தில்லையம்பலம் எண்டு கேட்டுப் பாருங்கோ, இந்த ரூட்டிலை ஓடின பழைய ஆக்கள் எல்லாருக்கும் தெரியும். நல்லாச் சொல்லுவினமோ எண்டு மட்டும் கேக்காதேங்கோ.

அப்பாடா, வெளிக்கிட்டிட்டான்.

நீங்கள் எவ்விடம்? கொழும்போ? கசூரினாக் கடற்கரைக்கோ போறியள்? நானும் அங்கைதான் போறன். குளிக்கிறதுக்கில்லை. இந்த வயசிலை எனக்கென்ன குளிப்பு? ஒரு அலுவல் இருக்கு. அலுவல் எண்டால் சின்ன அலுவலில்லை, போன ஆவணியிலை நடந்த ஒரு அநியாயத்தை இண்டைக்கு நேராக்கப் போறன். கேளுங்கோ, நேரம் இருக்குத்தானே. இவன் ஓட்டுற ஓட்டத்துக்கு இருட்டின பிறகுதான் போய்ச் சேருவம்.

போன ஆவணியிலை காங்கேசன்துறைக்கு இந்தியாவிலையிருந்து ஒரு உல்லாசக் கப்பல் வந்தது. நூற்றிப்பதினெட்டுச் சனம் கடற்கரைக்குப் போறதெண்டு பேர் குடுத்திருந்தவை. காலமை எட்டு மணிக்குக் கப்பல் கட்டும், பின்னேரம் மூண்டு மணிக்கெல்லாம் ஆக்கள் திரும்ப ஏறிப்போட வேணும். நடுவிலை இருக்கிற நேரத்திலை ஆக்களைத் துறைமுகத்திலையிருந்து கசூரினாவுக்குக் கொண்டுபோய், கடலிலை விட்டு, சாப்பாடு குடுத்து, திருப்பிக் கொண்டுவந்து சேக்கவேணும். கப்பல் கொம்பனி எங்கடை பயணிகள் வரவேற்புச் சபையிட்டைக் கேட்டுது. சபையிலை இருந்ததுகள் எல்லாம் ஓய்வுபெற்ற அதிபர்மார், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்மார், ஓய்வுபெற்ற என்னவோ. ஒருத்தருக்கும் ஒரு பஸ்ஸை எப்பிடித் திருப்புறதெண்டு தெரியாது. அதாலை போக்குவரத்தை என்னட்டைத் தந்தவை. வேறை ஆரிட்டைக் குடுக்கிறது?

நான் சும்மா கடதாசியிலை கிறுக்கேல்லைத் தம்பி. மோட்டச்சைக்கிளுக்குப் பின்னாலை ஏறி இருந்து, கையிலை மணிக்கூட்டோடை, மூண்டு தரம் போய்ப் பாத்தனான். ரெயில் கேற் பூட்டியிருந்தால் நாலு நிமிசம். கீரிமலைப் பக்கம் மாடு குறுக்கை வந்தால் ரெண்டு நிமிசம். வயசுபோன ஆக்கள் நாப்பது பேர் ஒரு பஸ்ஸிலை ஏற எவ்வளவு நேரம் செல்லும்? உங்களுக்குத் தெரியாது. பதினொரு நிமிசம். ஒன்பதரைக்கு வெளிக்கிடுறது, பத்துப் பத்துக்குப் பொன்னாலைப் பாலம், பத்தரைக்குக் கசூரினா. பன்னிரண்டரை மட்டும் கடல். பிறகு சாப்பாடு. ஒண்டரைக்கு வெளிக்கிட்டால் ரெண்டரைக்குக் கப்பலடி. மூண்டு ஏசி பஸ். நான் விசில் அடிச்சாத்தான் டிரைவர்மார் சாவியைத் திருப்பவேணும் எண்டு கண்டிப்பாய்ச் சொல்லி வைச்சிருந்தனான். ஊசி நுழைய இடமில்லாத திட்டம்.

சாப்பாடு ஆர் எண்டு கேக்கேல்லையே நீங்கள்? யோகமணி. என்ரை தங்கச்சி. புருசன் செத்துப் பதினாலு வருசம். அண்டையிலையிருந்து மூளாயிலை என்ரை வீட்டிலைதான் இருக்கிறா. நான் ஒரு குறையும் வைக்கேல்லை. என்ரை மனிசி கண்ணை மூடினாப் பிறகு அவதான் சமைக்கிறா, தோய்க்கிறா, முத்தம் கூட்டுறா. பின்னேரத்திலை நான் பேப்பர் வாசிச்சு உலக விசயம் சொல்லுவன், இருந்து கேப்பா. வேறை என்ன வேணும் ஒரு மனிசருக்கு? ஆனால் அவவுக்கு உள்ளுக்கை ஒரு ஆசை. மாதர் சங்கத்துப் பெண்டுகள் பன்னிரண்டு பேரைச் சேத்துக்கொண்டு கசூரினாவிலை ஒரு தகரக் கொட்டில் போட்டா. கப்பல் கொம்பனியின்ரை பொம்பிளை ஒருத்தி, மும்பாய்க்காரி, ரேஷ்மா எண்டு பேர், வந்து பாத்துப்போட்டுச் சொன்னவ, முதல் நாள் சாப்பாடு சனத்துக்குப் பிடிச்சால் பிறகு வாற ஒவ்வொரு கப்பலுக்கும் இந்தப் பெண்டுகள்தான் எண்டு. யோகமணி அண்டைக்கு வந்து என்னட்டைச் சொன்னா: "அண்ணை, இது மட்டும் சரிவந்துதெண்டால் நான் கடற்கரைப் பக்கமே ஒரு அறை எடுத்துக்கொண்டு இருந்திடுவன்." நான் சிரிச்சுப்போட்டன். என்ரை வீட்டை விட்டுட்டு அவ ஏன் அறை எடுக்கவேணும்? விசர்க்கதை.

சரி, விசயத்துக்கு வாறன். கப்பல் வர மூண்டு நாள் இருக்கேக்கை சபைத் தலைவர் நவரத்தினராசா மாஸ்ரர் என்னைக் கூப்பிட்டு, "தில்லையம்பலம், வாற விருந்தாளியளை ஒரு வரவேற்பும் இல்லாமல் ஆட்டுக்குட்டி ஏத்திற மாதிரி பஸ்ஸிலை ஏத்திறதே?" எண்டார். சின்னதாய் ஒரு விளக்கேத்தல், பத்து நிமிசம், எண்டார். நானும் சரி எண்டன். பத்து நிமிசத்தை ஓட்டத்திலை பிடிக்கலாம். அடுத்தநாள் அச்சடிச்ச நிகழ்ச்சி நிரல் வருது. மங்கள விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை ரெண்டு, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை. தூ! கடலிலை குளிக்க வந்த சனத்துக்கு ஆசியுரை! கடைசியிலை, கண்ணாடி போட்டும் வாசிக்க ஏலாத எழுத்திலை, "போக்குவரத்து: திரு. தில்லையம்பலம்". அவ்வளவுதான். பந்தல்காரன்ரை பேர் கூட என்ரை பேரிலும் பாக்கப் பெரிசு.

எனக்கென்ன, பேருக்கு அலையிற ஆளே நான்?

அண்டைக்குக் காலமை சனம் இறங்கி வருகுது. அரைக் காற்சட்டை, தோளிலை துவாய், முகமெல்லாம் வெள்ளைக் களிம்பு. ஒரு மொட்டைத் தலை மனிசன், மெற்றாசிலை ஏதோ பாங்கிலை பெரிய ஆளாம், இடுப்பிலை மஞ்சள் வாத்து ரியூப்பை ஊதிப் போட்டுக்கொண்டே வந்திட்டார். அவரை அப்பிடியே முன்வரிசையிலை பிளாஸ்ரிக் கதிரையிலை இருத்தியாச்சு. ஒன்பதரை. பிரதம விருந்தினரைக் காணேல்லை. பத்து மணி. காணேல்லை. "அவர் வராமல் எப்பிடித் துவங்கிறது" எண்டு மாஸ்ரர். பத்து இருபதுக்கு அந்தப் பெரியவர் வந்து இறங்கிறார், முகத்திலை ஒரு வெக்கம் இல்லை. டிப்போவிலை எண்டால் நான் அவருக்கு அரைநாள் சம்பளம் வெட்டியிருப்பன்.

பிறகு விளக்கு. காங்கேசன்துறைக் காத்து உங்களுக்குத் தெரியாது. ஒன்பது திரி, ஒன்பது பிரமுகர். முதல் ஆள் கொளுத்த, ரெண்டாவது ஆள் கொளுத்தேக்கை முதல் திரி நூந்துபோகும். மூண்டாவதைக் கொளுத்த ரெண்டும் நூந்துபோகும். "எல்லாத் திரியும் எரியவேணும், நூந்த விளக்கோடை துவங்கினால் அபசகுனம்" எண்டு மாஸ்ரர் நெருப்புப்பெட்டியோடை சுத்திச் சுத்தி வாறார். நாலு பேர் வேட்டியை விரிச்சு மறைப்புக் கட்டிக்கொண்டு நிக்கினம். மேளகாரர் கெட்டிமேளத்தை அடிச்சு அடிச்சுக் கை சோந்துபோச்சு. பதினெட்டு நிமிசம்! ஒரு விளக்குக்குப் பதினெட்டு நிமிசம்!

அதுக்குப் பிறகு பேச்சு. ஐயோ, அதைக் கேக்காதேங்கோ. மாஸ்ரர் தமிழனும் கடலும் எண்டு துவங்கி, பழைய துறைமுகங்கள் ஒண்டொண்டாய்க் கரை தட்டி, யவனர் குதிரை இறக்கினதிலை நிண்டு, காத்து வாங்கி, திரும்பவும் வெளிக்கிட்டார். சனத்திலை பாதிக்குத் தமிழே தெரியாது. முகத்துக் களிம்பு உருகி வழியுது. ஒரு மெற்றாஸ் பொம்பிளை என்னட்டை வந்து, "சார், பீச்சுக்கு எப்ப சார் கூட்டிட்டுப் போவீங்க? குழந்தைங்க அழுவுது சார்" எண்டு கேட்டா. நான் என்ன செய்ய? நிகழ்ச்சி நிரலைக் காட்டினன். மனிசருக்கு மைக்கைக் கண்டால் ஏன் தம்பி இப்பிடி மூளை கலங்கிறது? நேரம் எண்டு ஒண்டு இருக்கு எண்ட அறிவே இல்லாத சாதியள்.

பன்னிரண்டு இருபத்தஞ்சு. பிரதம விருந்தினர் பேசி முடிச்சு இருந்திட்டார். ரேஷ்மா ஓடிவந்து என்ரை கையைப் பிடிக்காத குறையாய்ச் சொன்னவ: இப்பவே, இந்த நிமிசமே வெளிக்கிட்டால் கடற்கரையிலை அரை மணித்தியாலம் நிக்கலாம், சாப்பாட்டைப் பொட்டலமாய்க் கட்டிக்கொண்டு வந்து பஸ்ஸிலை தின்னலாம் எண்டு. நான் கணக்குப் பாத்தன். சரிதான். ஏலும். விசிலையும் கையிலை எடுத்திட்டன்.

ஆனால் நன்றியுரை இருக்கெல்லே?

நன்றியுரை சொல்லவேண்டிய செயலாளர் வெயிலிலை மயங்கிப் பின்னாலை படுத்திருக்கிறார். நன்றி சொல்லாமல் ஒரு விழாவை முடிக்கிறதோ? அது மனிசத் தன்மையோ? ரெண்டே வார்த்தை, எண்டுதான் நான் மேடைக்கு ஏறினனான். ஏறினால் சும்மா ஒரு ஆளுக்கு நன்றி சொல்லி மற்ற ஆளை விட ஏலுமே? மனவருத்தம் வரும். டிரைவர்மார் மூண்டு பேர், கதிரை தந்த வாசிகசாலை, கம்பளம் தந்த கோயில், பந்தல், மேளம், ஒலிபெருக்கி, நடனம் ஆடின பிள்ளையள், அவையளைப் பழக்கின ரீச்சர், பிள்ளையளுக்குச் சோடா குடுத்தவர். பிறகு, நான் இந்தத் திட்டத்தை எப்பிடிப் போட்டனான், மோட்டச்சைக்கிளிலை எத்தினை தரம் போனனான், நாப்பது பேர் ஏற எவ்வளவு நேரம் செல்லும், அதையும் சனத்துக்கு விளங்கப்படுத்தத்தானே வேணும்? தங்கடை பயணத்துக்கு ஒரு மனிசன் எவ்வளவு பாடுபட்டிருக்கிறான் எண்டு அதுகளுக்கு ஆர் சொல்லுறது? நிகழ்ச்சி நிரலிலை போட்டவங்களோ சொல்லப்போறாங்கள்? மிஞ்சி மிஞ்சிப் போனால் ஏழெட்டு நிமிசம். ஆரோ போனிலை வீடியோ எடுத்திருக்கினம், அதிலை முப்பத்திநாலு நிமிசம் எண்டு காட்டுதாம். போனுகளை நம்ப ஏலாது தம்பி.

இறங்கி வந்து விசில் அடிச்சன். பொன்னாலைப் பாலத்தடிக்கு வரேக்கை ஒண்டே முக்கால். ரேஷ்மாவுக்குக் கப்பலிலையிருந்து போன் வருது, காத்து எழும்புது, எல்லாரும் உடனை திரும்பவேணுமாம். பாலத்துக்கு மேலை பஸ் திருப்ப ஏலாது. அதாலை இந்தப் பக்கத்திலையே நிப்பாட்டி, சனம் பத்து நிமிசம் இறங்கி நிண்டுது. பாலத்தடித் தண்ணி உங்களுக்குத் தெரியுமே? முழங்கால் மட்டும், கீழை சேறு, மேலை பாசி, பிளாஸ்ரிக் போத்தில். அந்த மொட்டைத்தலை மனிசன் வாத்து ரியூப்போடை அதுக்குள்ளை இறங்கினார். "இதுதான் பீச்சாங்க?" எண்டு ஒருத்தர் கேட்டார். நான் அங்காலை கையைக் காட்டி, "அது அங்காலை" எண்டன்.

அங்காலை யோகமணி நிண்டவ. விடிய முன்னம் எழும்பிப் போனவ. நூற்றிப்பதினெட்டுப் பேருக்கு நண்டுக்கறி, சோறு, ஒரு பெரிய கிடாரத்திலை ஒடியல் கூழ். கூழ் குடிக்கப் பனையோலையிலை நூற்றிப்பதினெட்டுப் பிளா கோலி வைச்சவை. எனக்குப் பதினொண்டுக்குப் போன் எடுத்திருக்கிறா, பன்னிரண்டுக்கு எடுத்திருக்கிறா, பிறகு நான் மேடையிலை நிக்கேக்கை நாலு தரம். மேடையிலை நிண்டு போன் கதைக்கிறது பண்பே? ரெண்டு மணிக்கு நான்தான் எடுத்துச் சொன்னன், வரமாட்டினம் எண்டு. "ஏன் அண்ணை?" எண்டு கேட்டா. "பெரியவர் பிந்திப்போட்டார்" எண்டன். அது உண்மைதானே? அவர் பிந்தினவர்தானே?

அண்டைக்குப் பின்னேரம் மிச்சக் கறியோடை வீட்டை வந்தா. கூழை மணலிலை கிடங்கு கிண்டி ஊத்தினவையாம். எனக்குச் சோறு போட்டு, நண்டு நாலைஞ்சு வைச்சு, முன்னாலையே இருந்தா. நல்ல ருசி தம்பி. நான் ருசியெண்டும் சொன்னனான். அந்த நேரம் பாத்துப் பக்கத்து வீட்டுக்காரி, கோதாரியிலை போவாள், போனைக் கொண்டுவந்து யோகமணிக்கு அந்த வீடியோவைக் காட்டினாள். இருந்து முழுக்கப் பாத்தா. முப்பத்திநாலு நிமிசமும். நடுவிலை எழும்பேல்லை. முடிஞ்சாப் பிறகு என்னைப் பாத்து ஒண்டே ஒண்டு கேட்டா: "சோடா குடுத்தவருக்கும் நன்றி சொல்லியிருக்கிறியள் அண்ணை. எங்கடை பெண்டுகள் ஒருத்தற்றை பேரையும் காணேல்லை."

வீட்டு ஆளுக்கு ஆரும் மேடையிலை நன்றி சொல்லுவினமே? நீங்களே சொல்லுங்கோ.

அதோடை வாயை மூடினவதான். ஒன்பது மாசம். சோறு வரும், தேத்தண்ணி வரும், வேட்டி தோய்ச்சு மடிச்சு வரும். கதை வராது. நான் பேப்பர் வாசிச்சால் எழும்பிப் போயிடுவா. கப்பல் கொம்பனியும் அந்த வருசம் கடற்கரைப் பயணத்தையே வெட்டிப்போட்டுது. அந்தப் பெண்டுகளிலை ரெண்டு பேர் திரும்பக் கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போயிட்டினம் எண்டு கேள்வி. எல்லாம் மாஸ்ரராலையும் அந்தப் பெரியவராலையும் வந்தது.

இண்டைக்கு இந்த வருசத்து முதல் கப்பல் வந்திருக்கு. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை! சங்கக்கடையிலை நேற்று ஆரோ கதைக்கேக்கைதான் தெரியும். யோகமணியும் அந்த ரேஷ்மாவும் தாங்களே ஒழுங்கு பண்ணியிருக்கினம். சபை இல்லை, விளக்கு இல்லை, மேளம் இல்லை. சனத்தை ஏத்த எட்டு வான். கப்பல் படியாலை இறங்கி நேரே வானிலை, வானிலையிருந்து நேரே கடலிலை. சீ, என்ன சீர்கேடு! ஒரு வணக்கம் கூட இல்லாமல்!

அதுதான் போறன். இந்தப் பையிலை என்ன இருக்கெண்டு நினைக்கிறியள்? பொன்னாடை. காலமை ரவுணிலை போய் வாங்கினது. பாருங்கோ, நல்ல சரிகை. ரேஷ்மாவுக்கு ஒண்டு. மற்றது யோகமணிக்கு. அண்டைக்கு விட்டுப்போன பேரை இண்டைக்கு அத்தினை சனத்துக்கு முன்னாலை சொல்லப்போறன். பன்னிரண்டு பெண்டுகளின்ரை பேரும் எழுதி வைச்சிருக்கிறன், ஒருத்தரையும் விடேல்லை. இது கையிலை பிடிக்கிற சின்ன மைக், பற்றரி போட்டால் காணும். சனத்தை ஒருக்காக் கூட்டி நிப்பாட்டினால் ரெண்டு வார்த்தையிலை முடிச்சிடுவன். அவவின்ரை மனம் குளிர்ந்துபோகும். பிறகு கதைப்பா.

இந்தா, பாலம் வந்திட்டுது. அந்தா, அந்தா பின்னாலை பாருங்கோ, வானுகள்! ஒண்டு, ரெண்டு, மூண்டு... எட்டும் வருகுது. மணி என்ன? பத்துப் பத்து! தம்பி, பத்துப் பத்துக்குப் பொன்னாலைப் பாலம். என்ரை திட்டம்! அச்சொட்டாய் என்ரை கடதாசி! மேசை லாச்சியிலை கிடந்ததை எடுத்திருக்கிறா. ஒரு நிமிசம் பிசகேல்லை, பாருங்கோ. எங்களை விலத்திக்கொண்டு போறாங்கள். போகட்டும், போகட்டும்.

பொறுங்கோ, போன் அடிக்குது. ஆர் இது? ...யோகமணி! தம்பி, யோகமணி எடுக்கிறா!

ஹலோ? ஓம் பிள்ளை, அண்ணைதான். ...பஸ்ஸிலை. ...பாலத்திலை. வான் போனதைக் கண்டனான், நேரம் எண்டால்... என்ன? ...ஆர் சொன்னது? ...இல்லைப் பிள்ளை, ரெண்டு வார்த்தைதான். ...சின்ன மைக். ...உனக்குத்தான் பிள்ளை, உன்ரை பேரைத்தான்... யோகமணி. யோகமணி, அழாதை. ...ம். ...ம். ...சரி.

வைச்சிட்டா.

ஒண்டுமில்லைத் தம்பி. நான் பையோடை வெளிக்கிட்டதை ஆரோ சொல்லிப்போட்டினம். "வராதேங்கோ அண்ணை" எண்டா. "உங்கடை காலிலை விழுறன், இண்டைக்கு மட்டும் வராதேங்கோ" எண்டா. ஒன்பது மாசத்துக்குப் பிறகு கதைச்சது இதுதான்.

கடற்கரைக்குத் திரும்புற சந்தி உதுதான். இறங்குங்கோ, அவன் நிக்கமாட்டான். நான் இறங்கேல்லை. இந்த பஸ் கடைசி மட்டும் போய்த் திரும்பும், நான் இப்பிடியே இருந்து மூளாயிலை இறங்கிறன். நீங்கள் நேரே போனால் தகரக் கொட்டில் தெரியும். நண்டு சாப்பிடுங்கோ. நல்லாயிருந்தால் அவவிட்டைச் சொல்லுங்கோ. ஆர் அனுப்பினது எண்டு கேட்டால், ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லிவிடுங்கோ.